ராக் பரிதியின் இருமல்

போன வாரம், ஒலிப்பதிவு பழகுகிற உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை, தான் பதிவு செய்த பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினார். பாடகி மூச்சு வாங்கும் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டாராம். ஓரிடத்தில் தொண்டை கமறியதாம், அதையும் எடுத்துவிட்டாராம். "எப்படி சார், க்ளீனா இருக்கா?" என்று கேட்டார். க்ளீனாகத்தான் இருந்தது. பாடியது மனுஷிதானா என்பது மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் கத்தினால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் கிடையாது. என்னைவிட உங்களுக்கு அதிகமாகவே தெரியும். மைக் முன்னால் நிற்கிற ஆள் எத்தனை விதமாக நம் பிராணனை வாங்க முடியும் என்பதை மட்டும் நான் சொல்லலாம். என் பிராணனை அதிகம் வாங்கியவர் ராக் பரிதி.

அப்போது தஞ்சாவூரில் ரயிலடிக்குப் பக்கத்தில், ஒரு அரிசி மண்டிக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஸ்டுடியோ என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சுவரெல்லாம் சாக்கும் தேங்காய் நார்ப் பாயும். கீழே லாரி வந்து மூட்டை இறக்கினால் மேலே பாட்டை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். கேசட் காலம். ஐயனார் பாட்டு, அம்மன் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. ஆளுங்கட்சிக்குப் பதிவு செய்த அதே மெட்டில் எதிர்க்கட்சிக்கும் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

பரிதியின் முழுப்பெயர் இளம்பரிதி. ஊர் கூத்தாநல்லூரிலிருந்து கிழக்கே, வாய்க்கால்கள் போய் முடிகிற பக்கம். வயலில் கூலி வேலை செய்த குடும்பம். குழந்தை பிறந்த சமயத்தில் கட்சிக் கூட்டத்துக்கு வந்த ஒரு பேச்சாளர் மேடையிலேயே வைத்த பெயர் அது. முன்னால் 'ராக்' என்று ஒட்டியது அவர் பாடிக்கொண்டிருந்த மெல்லிசைக் குழு. அந்தக் குழுவின் பெயரை எழுத மாட்டேன். டெல்டாவில் அன்றைக்குத் திருவிழா என்றால் முதலில் தேதி கேட்கப்பட்டது அவர்களிடம்தான். சினிமாவில் வருகிற வெஸ்டர்ன் பாட்டெல்லாம் பரிதிக்கு. கறுப்புக் கண்ணாடி, பெல்பாட்டம், கழுத்தில் சங்கிலி. அவர் கிதாரைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தால் வேலி பிய்த்துக்கொள்ளும்.

மெல்லிசைக் குழு எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அங்கே நன்றாகப் பாடுவது என்றால் அச்சு அசலாகப் பாடுவது. ரிக்கார்டில் எப்படியோ அப்படி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அறிவிப்பாளர் வந்து, இன்ன படத்தில் இன்னார் பாடிய பாடல் என்று சினிமாப் பாடகரின் பெயரைச் சொல்வார். கூட்டம் அந்தப் பெயருக்குக் கைதட்டும். அப்புறம் பாடப்போகிறவர் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றியவரின் பெயர் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒத்திகையில் புதுப் பாட்டு வந்தால் பாடகர் கேட்கிற முதல் கேள்வியே "யாரு வாய்ஸ்?" என்பதுதான்.

இதில் பரிதி மகா சூரர். ஐந்து பாடகர்களின் குரல் அவர் தொண்டையில் குடியிருந்தது. மூக்கால் குழைகிறவர், அடிவயிற்றிலிருந்து உறுமுகிறவர், எல்லாரும். குழுவில் முன்னவரைச் சின்னவர், பின்னவரைப் பெரியவர் என்பார்கள். குழுத் தலைவரை மாஸ்டர் என்பார்கள். அவர் வீட்டில் இருந்த ஒரு இசைத்தட்டில் கீறல் விழுந்திருந்தது. அதைக் கேட்டுத்தான் பரிதி அந்தப் பாட்டைப் பழகினார். கீறல் இருந்த இடத்தில் ஊசி எப்படித் தாவுமோ அப்படி அரை வரியைத் தாண்டிப் பாடுவார். குழுவே அவரோடு சேர்ந்து தாவும். அதைக் கண்டுபிடித்து நான் சொன்னபோது, "ரிக்கார்டுல அப்படித்தாண்ணே இருக்கு," என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

இப்படிப்பட்ட ஆள் சொந்தமாக ஐந்து பாட்டு எழுதிவிட்டார். சினிமாவில் வருகிற காதல் பாட்டு இல்லை. எருமை குறுக்கே வந்து பஸ் நிற்பது, ரேஷன் கடை வரிசை, மேட்டூர் திறந்தும் தண்ணீர் வராத கடைமடை. எல்லாம் கிதாரும் டிரம்ஸுமாக, உட்கார்ந்திருக்கிறவனை எழுப்பி நிற்க வைக்கிற தாளத்தில். அதில் ஒரே ஒரு பாட்டை மேடையில் போடலாமா, அதற்கு முன்னால் அறிவிப்பாளர் தன் பெயரைச் சொல்வாரா என்று மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார்.

மாஸ்டர் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "சொந்தப் பாட்டா? ஒன் தொண்டையில இருக்கறதெல்லாம் ஊரான் ஊட்டுக் கொரலு. அதுல ஒன்னோடது என்னய்யா இருக்கு?"

பரிதி கிதாரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் ஒரு வாத்தியக்காரரும் அவருக்கு வாசிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கேசட் போட முன்வந்தவர் கூத்தாநல்லூரில் கேசட் கடை வைத்திருந்த ஒரு பாய். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர், நல்ல காது. திருச்சியிலிருந்து கிதார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேரை வரவழைத்தார். தை அறுவடை தொடங்கியிருந்த சமயம். மாசிக்குள் கேசட் வந்தால் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு பரிதியைக் கூப்பிடுவார்கள். தவறினால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். ஒரு வருடம் மேடையில் இல்லாத பாடகரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. குழுவுக்குத் திரும்பிப் போகவும் வழி கிடையாது. இந்த ஐந்து பாட்டு சரியாக வரவில்லை என்றால் மாஸ்டர் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும்.

முதல் நாள் மைக் முன்னால் நின்றார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிகவும் பணிவாக, ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, இது யாரு வாய்ஸ்ல பாடட்டும்?"

நான் சிரித்தேன். தமாஷ் என்று நினைத்தேன். தமாஷ் இல்லை.

பஸ் பாட்டை மூக்கால் குழைந்தார். ரேஷன் பாட்டை உறுமினார். கடைமடைப் பாட்டில் பல்லவி ஒருவர், சரணம் இன்னொருவர், கடைசியில் இரண்டு பேரும் வந்து சேர்ந்து பாடினார்கள். "ஒன் கொரல்ல பாடுய்யா," என்றேன். "இது எங்கொரல்தாண்ணே," என்றார். போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பெரியவரு மாதிரி இருக்கோ?" என்றார். "மாதிரி இல்ல, அவரேதான்," என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பாராட்டினேன் என்று நினைத்துக்கொண்டார்!

என்னென்னவோ செய்து பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். படுக்கச் சொன்னேன். வரிகளைப் பாடாமல் பேசிக் காட்டச் சொன்னேன். பேசும்போது அருமையாக இருக்கும், கரகரப்பாக, கொஞ்சம் குறும்பாக, பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் பேசுகிற மாதிரி. சரி, இப்படியே பாடு என்று கையைக் காட்டினால், டிரம்ஸ் விழுந்த உடனே முதுகை நிமிர்த்தி, புருவத்தைத் தூக்கி, வேறு யாரோ ஆகிவிடுவார். திருச்சி கிதார்க்காரர் என் பக்கம் திரும்பி, "சார், இன்னிக்கு யாரு வர்றாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு வந்த எரிச்சலில் ஸ்டுடியோ சாவியை வாசலில் வீசிவிட்டுப் பெரிய கோயில் புல்தரையில் போய் உட்கார்ந்தேன். ஒரு மனிதர் இருபது வருடமாகத் தன் வாயைத் திறந்து பாடுகிறார், அதில் ஒரு தடவைகூட அவர் இல்லை என்றால் நான் எந்த பட்டனைத் திருகுவது?

திருச்சி ஆட்கள் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாஸ்டரின் தாக்கீது திருச்சி வரைக்கும் போய்விட்டதால் மறுபடி வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் பரிதியைக் காணோம். அன்று முழுவதும் நாங்கள் நான்கு பேரும் பாயும் மண்டிச் சாக்கை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாய் திட்டாமல் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நடந்தது இது. பரிதியின் ஊரில் அறுவடைக் கூலித் தகராறு. கூலியாக அளக்கிற நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். நிலத்துக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டு, வெளியூர் ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளூர்க்காரர்கள் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் பரிதியின் அம்மா. தகவல் வந்ததும் மனுஷர் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்த நிலத்துக்காரர் என் தாய்மாமா. சின்ன வயதில் லீவுக்குப் போய் நான் பம்புசெட்டில் குளித்தது அந்த வயலில்தான். இது பரிதிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

மறுநாள் மத்தியானம் பரிதி வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் புழுதி. என் வாயில் தயாராக இருந்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"என்னய்யா?"

இன்னொரு தடவை முயன்றார். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். "மைக் செட்ட... போலீஸு எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணே. எல்லாரும் நீதான் பாடுறவன், நீ சொல்லு, நாங்க திருப்பிச் சொல்றோம்னாங்க. காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும்..."

கோஷம் போட்டிருக்கிறார். மைக் இல்லாமல், நாள் முழுவதும், வெட்டவெளியில். இவர் ஒரு வரி, ஊர் ஒரு வரி. தாசில்தார் வந்து உட்கார்ந்து பேசிக் கூலி கொஞ்சம் ஏறிய பிறகுதான் எழுந்திருக்கிறார்கள். மாமாவின் கோபமும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

"அம்மா?" என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்று தலையை ஆட்டினார்.

கிதார்க்காரர் கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். "தொண்டை ஆறட்டும் சார். எப்பவாவது பாப்பம்." பாய் கண்ணை மூடிக்கொண்டார். பரிதி என்னிடம் கையைக் கூப்பி, "மன்னிச்சுக்கங்கண்ணே," என்றார், அதே தகரக் குரலில்.

அந்த 'மன்னிச்சுக்கங்கண்ணே'யைக் கேட்டுத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்தத் தொண்டையால் மூக்கால் குழைய முடியாது. உறுமவும் முடியாது. ஐந்து பேரும் வீட்டைக் காலி பண்ணிவிட்டார்கள். இன்னும் நாலு நாள் வெந்நீர் குடித்தால் ஐவரும் திரும்பி வந்து குடியேறிவிடுவார்கள், அப்புறம் அவர்களைக் கிளப்ப என்னால் ஆகாது.

இன்னொரு பக்கமும் இருந்தது. புண்ணான தொண்டையில் பாட வைத்து அது நிரந்தரமாகக் கெட்டுப்போனால்? பாடுகிற ஆளிடம் வேறு என்ன சொத்து இருக்கிறது? இதற்கெல்லாம் புத்தகத்தில் விடை கிடையாது. அவரை உட்கார வைத்து இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். "ஒரு பாட்டுக்கு ஒரு தடவைதான். நடுவுல அரை மணி பேசக் கூடாது. வலிச்சா கையத் தூக்கு, நிறுத்திடுவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்." கடைசியாகச் சொன்னது பொய். கட்டாயம் கோபித்திருப்பேன்.

பரிதி பாயைப் பார்த்தார், கிதாரைப் பார்த்தார். எழுந்து மைக் முன்னால் போய் நின்றார். வழக்கம் போலக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். யாரு வாய்ஸ்? எனக்கு வந்ததே ஆத்திரம்! "எவன் வர்றானோ அவன் வாய்ஸ்ல பாடுய்யா!" என்று கத்திவிட்டேன்.

டிரம்ஸ் விழுந்தது. முதுகை நிமிர்த்தினார், புருவத்தைத் தூக்கினார். பெரியவரைக் கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை. சின்னவரைக் கூப்பிட்டார், அவரும் வரவில்லை. முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வரிகளைப் பிடித்துக்கொண்டு போனார்.

"மேட்டூரு தொறந்தாச்சு, மேலத்தெரு நனஞ்சாச்சு,
கடமடைக்கு எப்ப வரும், சொல்லு சொல்லு!"

அந்த 'சொல்லு'வில் முந்தின நாள் வண்டிப்பாதை அப்படியே இருந்தது. திருச்சி டிரம்ஸ்காரர் அதுவரை கடமைக்குத் தட்டிக்கொண்டிருந்தவர், இரண்டாவது 'சொல்லு'வுக்குப் பிறகு வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இரண்டாவது சரணத்தில், கிதார் நின்று எல்லாரும் ஒரு கணம் மூச்சுப் பிடிக்கிற இடத்தில், பரிதி இருமிவிட்டார். வறட்டு இருமல், நடுமைக்கில். நிறுத்தாமல் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தார்.

முடிந்ததும் கையால் கேட்டார்: இன்னொரு தடவை? முடியாது என்றேன். இருமலையாவது எடுத்துவிடுங்கள் என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கெஞ்சினார். அந்தக் காலத்திலும் எடுக்க வழி இருந்தது, எனக்கும் கை இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. இருமலை எடுத்தால் அதற்கு அடுத்த வரி எதற்காக அத்தனை வேகமாக வருகிறது என்று கேட்கிறவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

திருச்சி ஆட்கள் ரயிலுக்கு ஓடுவதற்குள் ஐந்து பாட்டும் முடிந்தது. ஐந்தாவது பாட்டு பாதிக்கு மேல் வெறும் காற்றுதான். பாய் முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. காசநோய் ஆஸ்பத்திரியில பதிவு பண்ண மாதிரி இருக்குது. இத வாங்கிட்டுப் போனவன் பரிதி எங்கன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?"

பதில் மறுநாள் காரில் வந்து இறங்கியது.

கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்த மாமா, அப்படியே என்னைப் பார்க்க மாடியேறிவிட்டார். நானும் பாயும் அந்தக் கடைமடைப் பாட்டைத்தான் மறுபடி ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொண்டே உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். டேப்பின் மேல் பெயர் எழுதிய அட்டை கிடையாது. பாடுவது யார் என்று யாரும் சொல்லவில்லை. பாட்டில் ஒரு வரிதான் போயிருக்கும்.

"டேய் சேகர், நிறுத்துடா. இது அந்தப் பய கொரல்தானே? முந்தாநாள் பூரா என் வாசலுக்கு எதிர்க்க கேட்டேனே! தூங்குனாகூட காதுலயே நிக்கிது. இத எதுக்கு நீ பிடிச்சு வச்சிருக்க?"

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவரு பாட்டு மாமா. கேசட் வருது."

"எனக்கு எதிரா கத்துன கொரல, என் அக்கா மவன் ஊர் ஊரா விக்கப் போறியா? அழிச்சுடு."

"கொரல் அவரோடது மாமா. அழிக்கறதுக்கு நான் யாரு?"

மாமா செல்லத்தைப் பட்டென்று மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். அப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. அத்தை இறந்தபோதுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது வேறு கதை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. நான் பாடாய்ப்பட்டு இல்லை இல்லை என்று தேடிய குரலை, பகையாளி ஒரே வரியில் அடையாளம் காட்டிவிட்டுப் போய்விட்டார். பாய் என்னைப் பார்த்து, "பேரு போடாமலே தெரியிதுல்ல? போட்டுருவோம் தம்பி," என்றார். கேசட்டின் மறுபக்கத்துக்குப் பாட்டு இல்லையே என்றேன். அதே ஐந்தையும் மறுபடி போடுங்கள், திருப்பிப் போட்டால் திரும்பக் கேட்கட்டும் என்றார்.

மாசியில் கேசட் வந்தது. கூத்தாநல்லூரில் போயிற்று, மன்னார்குடியில் போயிற்று. டீக்கடைகளில் ஓடியது. பரிதிக்குப் பங்குனியில் திருவாரூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் தனியாக ஒரு கச்சேரி கிடைத்தது. அறிவிப்பாளர் அவர் பெயரை மட்டுமே சொல்லப்போகிற முதல் கச்சேரி. கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

தொண்டை ஆறிவிட்டது. ஆறியதும் பயம் வந்துவிட்டது. கச்சேரிக்கு முந்தின நாள் சாயங்காலம் மைக் வைக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் அந்த ஊருக்குப் போயிருந்தோம். வழியெல்லாம் என்னை அரித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, நாளைக்குக் கடமடைய யாரு வாய்ஸ்லண்ணே பாடட்டும்?"

பஸ்ஸில் ஒரு தடவை, இறங்கி ஒரு தடவை, கடைத்தெருவில் ஒரு தடவை. கேசட்டை எத்தனை முறை கேட்டாலும் தான் பாடியதாகவே தோன்றவில்லையாம். யாரோ உடம்பு சரியில்லாத ஆள் பாடுகிற மாதிரி இருக்கிறதாம். பேசாமல் பெரியவர் குரலில் பாடிவிட்டால் கூட்டத்துக்குப் பழகிய மாதிரி இருக்குமே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாங்கிய கடலைப் பொட்டலத்தை அவர் கையில் திணித்து, இதைத் தின்னு, வாயாவது மூடியிருக்கும் என்றேன்.

திடலில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அன்றைய கச்சேரி அவருடைய பழைய குழு. ஆர்மோனியத்தில் மாஸ்டர். பரிதி கூட்டத்தின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இரண்டு பாட்டுப் போயிற்று. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"ரசிகப் பெருமக்கள் சீட்டு எழுதி எழுதி அனுப்புறீங்க. அதனால அடுத்து, கடமடை. ராக் பரிதி பாடிய பாடல்!"

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. எனக்குப் பின்னால் கடலை மெல்லுகிற சத்தம் நின்றது.

புதுப் பாடகர் ஒருவர் வந்தார், மீசை வைத்த வாட்டசாட்டமான ஆள். நல்ல கணீர்த் தொண்டையாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கஷ்டப்பட்டு நசுக்கி, கரகரவென்று ஆக்கி, தகரத்தைத் தரையில் இழுத்தார். 'சொல்லு சொல்லு' என்ற இடத்தில் கூட்டமும் சேர்ந்துகொண்டது. மாஸ்டர் தலை குனிந்து ஆர்மோனியத்தில் பின்தொடர்ந்தார். பரிதி என் கையை இறுகப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது.

இரண்டாவது சரணம் வந்தது. கிதார் நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். மேடையில் அந்த ஆள் மைக்கை வாயருகில் கொண்டுவந்து, அச்சு அசலாக, இருமினார்.

"அண்ணே, இருமுறாருண்ணே."

"ஆமா."

"நான் இருமுன எடத்துலயே இருமுறாருண்ணே!"

"தெரியுதுல்ல? இனிமே யாரு வாய்ஸ்னு எங்கிட்ட கேப்பியா?"

பரிதி கழுத்தை நீட்டி, காதைக் கொடுத்து, முகம் சுளித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டில் கண்ணைத் துடைத்த மாதிரியும் இருந்தது. கடைசி வரி முடிந்து கூட்டம் கைதட்டியபோது என் கையை விட்டுவிட்டு, மேடையைப் பார்த்துக் கோபமாகச் சொன்னார்:

"கடைசி 'சொல்லு'வ இழுக்குறாருண்ணே. நான் அப்படிப் பாட மாட்டேன்."